வியூகமும் வேடமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். இசை பேச வல்லவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இந்தக் கரக்பூரில் ரெயில்வே அலுவலகமொன்றில் கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட குமாஸ்தாவாகிய என்னைக் கணிப்பொறி ஆட்டங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். காரணமில்லாமல் பணிக்கவில்லை. நம் படிப்பகத்தில் இருக்கும் இரண்டு கணிப்பொறிகளில் பிள்ளைகள் ஆட்டம் ஆடலாமா, கூடாதா என்னும் கேள்வி செயற்குழுவின் முன் நிற்கிறது. அடியோடு தடுத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். பிள்ளைகள்தாமே, ஆடிவிட்டுப் போகட்டும் என்பார் மற்றொரு சாரார். நானோ 2000-ஆம் ஆண்டு வாக்கில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இணையக் கடையில் உட்கார்ந்து ஆடத் தொடங்கி, இன்றுவரை விடாதவன். ஆகவே நடுநிலையாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் இரு சாராரையும்விட இவ்வாட்டங்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதற்கண் ஒன்று சொல்ல வேண்டும். 'கேம்' என்ற ஒரே சொல்லால் நாம் எல்லாவற்றையும் சுட்டிவிடுகிறோம். கூட்ஸ், பாஸஞ்சர், மெயில் மூன்றையும் 'வண்டி' என்றே அழைத்து ஒரே கால அட்டவணையில் ஓட்டச் சொன்னால் நம் கண்ட்ரோல் அலுவலகத்தார் என்ன சொல்வார்கள்? சுடுவதும் ஓடுவதுமான ஆட்டங்களைப் பற்றி நான் இன்று பேசவில்லை. அவற்றில் எனக்குப் பழக்கமும் இல்லை, விருப்பமும் இல்லை. நான் பேச வந்தது இரண்டு வகையைப் பற்றி. ஒன்று, படையையோ நாட்டையோ தொழிலையோ மேலிருந்து நடத்தும் வியூக ஆட்டம். மற்றொன்று, கதையில் வரும் ஓர் ஆளாகவே நம்மைப் பாவித்துக்கொண்டு நடக்கும் வேட ஆட்டம்.

இவை நமக்குப் புதியவை அல்ல. கோயில் மண்டபத்துக் கல்தரையில் கீறிவைத்திருக்கும் ஆடுபுலி ஆட்டத்தை ஊரில் பார்த்திருப்பீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. வலியவன் சிலன், எளியவன் பலன். எளியவர் கூடி வலியவனை அசையவிடாமல் கட்டலாம். இதைவிடச் சிறந்த வியூகப் பாடம் எது? வேடத்துக்கோ நமக்குத் தெருக்கூத்து இருந்தது. பகலெல்லாம் ஏர் பிடித்தவர் இரவில் முடி தரித்துத் துரியோதனனாக நின்று விடியும்வரை அந்தத் துயரத்தைச் சுமப்பார். அது ஆட்டமா, தவமா என்று கேட்கத் தோன்றும்.

மேல்நாட்டில் இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அறிந்தபோது வியப்படைந்தேன். பிரஷ்ய நாட்டில் 1824-இல் ராய்ஸ்விட்ஸ் என்னும் இளம் படை அதிகாரி, நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி செய்யும் ஆட்டமொன்றை வெளியிட்டார். அதன் வழிவந்த பொம்மைப் போர்கள் பிற்காலத்தில் பொழுதுபோக்காயின. அமெரிக்காவில் 1971-இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்ற விதிநூலின்படி, பெரும்போரில் ஒரு பொம்மை இருபது வீரருக்குச் சமம். அப்படி ஆடிக்கொண்டிருந்தவர்களிடையே, ஒரு பொம்மை ஒரே மனிதனாக இருந்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. அவனுக்கு ஒரு பெயர், ஒரு குணம், இவ்வளவு வலிமை, இவ்வளவு அறிவு என்று வகுத்தார்கள். டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' அப்படிப் பிறந்ததே. இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வரும் வேட ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே பாட்டி. இருபது பேரைக் குறித்த பொம்மை ஒருவனாக இறங்கியபோது ஆட்டத்தின் தன்மையே மாறிப்போயிற்று. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த மாற்றத்தைப் பற்றியதுதான்.

வியூக ஆட்டத்தின் பெருமையை முதலில் பேசிவிடுகிறேன். 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தை நம் காலனி இளைஞரில் பலர் அறிவர். பொதுவாக மூன்று குடிமக்களும் ஒரு குதிரை ஒற்றனும் ஓர் ஊர்க்கூடமும் வைத்து ஆட்டம் தொடங்கும். உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கையும் திரட்ட வேண்டும். படையைப் பெருக்கினால் பயிர் குறையும். பயிரையே பார்த்துக்கொண்டிருந்தால் பகைவன் வாசலில் நிற்பான். வள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறாரே, அந்த வரிசையை எனக்கு விளக்கியது உரையாசிரியர் அல்லர், இந்த ஆட்டம்தான் என்று சொன்னால் புலவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ரெயில்வேக்காரனாகிய எனக்கு இதைவிட நெருக்கமானது ஒன்று உண்டு. கிரிஸ் சாயர் என்பவர் 1994-இல் ஆக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற ஆட்டம். அதைத் தழுவி ஆர்வலர்கள் ஆக்கிய 'ஓப்பன் டிடிடி' 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது; ஓரளவு தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் இடையே இருப்புப்பாதை போட்டு வண்டி விடுவதில் தொடங்குவோம். ஒரு வண்டி ஓடும்வரை இன்பம். இரண்டாவது வண்டியை விட்டதும் தொல்லை. பாதையைக் கைகாட்டிகளால் பிளாக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஜங்ஷனில் கைகாட்டியை ஓரடி தள்ளி வைத்துவிட்டால் போதும். இந்த வண்டி அதற்காகவும் அந்த வண்டி இதற்காகவும் காத்து நிற்க, பின்னால் பத்து வண்டிகள் தொடர்ந்து நின்றுவிடும். சரக்கு தாமதமாகச் சேர்ந்தால் கூலி குறையும். இன்ஜின் பழையதானால் அடிக்கடி நின்றுபோகும். ஷெட்டுக்கு அனுப்பாமல் ஓட்டினால் இன்னும் மோசம். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு, ஒரு வண்டி ஏன் வெளிக்கைகாட்டியில் முக்கால் மணி நேரம் நிற்கிறது என்பதை நான் இந்த ஆட்டத்தைக் காட்டித்தான் விளக்குகிறேன். விதிப்புத்தகத்தைப் பத்து முறை படிப்பதைவிட அது விரைவில் மனத்தில் பதிகிறது. பயணிகளுக்கும் இதைக் காட்டினால் நன்று, திட்டுவது குறையும்.

இத்தனை நன்மையும் சொன்ன பிறகு, இதன் குறையையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. இவ்வாட்டங்களில் முகம் இல்லை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆட்டத்தில் ஒரு குடிமகன் இறந்தால் ஐம்பது அளவு உணவு கொடுத்து இன்னொருவனைப் பெறலாம். அவன் பெயர் என்னவென்று எவரும் கேட்பதில்லை. ரெயில் ஆட்டத்தில் டிரைவர் இல்லை, பாயிண்ட்ஸ்மேன் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. குமாஸ்தா இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். வண்டிகள் மோதிக்கொண்டால் செய்தித்தாள் போன்ற ஒரு துண்டு தோன்றி, இத்தனை பேர் இறந்தனர் என்று ஓர் எண்ணைக் காட்டும். அழுத்தினால் மறையும். ஆட்டம் தொடரும். பிள்ளைகள் வேண்டுமென்றே வண்டிகளை மோதவிட்டு அந்த எண் எவ்வளவு பெரிதாகிறது என்று பந்தயம் வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை பஹாநாகா பஜார் நிலையத்தில் நேர்ந்ததை நான் இந்த அவையில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து சென்னைக்குப் போகும் நம்மவர் அனைவரும் ஏறி இறங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றிரவும் மறுநாளும் ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னையும் ஒரு தொலைபேசியின் முன் உட்காரவைத்தார்கள். என் எதிரே இருந்தது பட்டியல். அழைத்தவர்களில் ஒருவர்கூட எண்ணிக்கையைக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னார்கள், வயதைச் சொன்னார்கள், என்ன நிறச் சட்டை என்று சொன்னார்கள். "தம்பி, கொஞ்சம் பாருங்க தம்பி" என்று ஒரு முதிய அம்மையார் திரும்பத் திரும்பச் சொன்னார். அதன்பின் பல மாதம் அந்த ரெயில் ஆட்டத்தை நான் திறக்கவில்லை. அந்த ஆட்டம் தீயது என்று எண்ணியதாலன்று. மேலிருந்து பார்க்கும் கண் ஒன்று மட்டும் ஒருவனுக்குப் பழகிவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

வேட ஆட்டம் எனக்கு முக்கியமாய்ப்பட்டது அப்போதுதான். அதுவரை அவ்வகையை நான் அவ்வளவாக மதித்ததில்லை. இன்றும் அதில் பாதிக்குமேல் எனக்குப் பிடிப்பதில்லை. அரக்கனைக் கொன்று ஒரு படி உயர்வது, உயர்ந்தபின் அதைவிடப் பெரிய அரக்கனைக் கொல்வது, அவன் பையிலிருந்து வாளை எடுப்பது என்று நாற்பது மணி நேரம் ஓடும் ஆட்டத்தில் வேடம் எங்கே இருக்கிறது? அது இன்கிரிமெண்டுக்காகக் காத்திருக்கும் உத்தியோகம் போலத்தான். சம்பளம் மட்டும் இல்லை.

ஆனால் மீதியிருப்பதில் மணிகள் உண்டு. ரிச்சர்டு கேரியட் என்பவர் 1985-இல் வெளியிட்ட 'அல்டிமா' நான்காம் பாகத்தைச் சொல்கிறேன். அதில் வெல்ல வேண்டிய கொடியவன் என்று ஒருவன் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளிலும் ஒருவன் நிறைவடைய வேண்டும், அதுவே ஆட்டம். அதில் மூலிகை விற்பவர் கண் தெரியாதவர். வாங்கியதற்கு உரிய காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மணியடித்து எவரும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் வாய்மையில் நம் கணக்கு எங்கோ ஓசையின்றிக் குறைந்துவிடும். நெடுந்தொலைவு நடந்தபின்தான் அதன் பயன் தெரியவரும். கவுண்ட்டரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். படம் மிகப் பழையது, ஒலி கீச்சென்றிருக்கும், இக்காலப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தபின் ஆடிப் பார்க்கட்டும். அதுவும் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

இதனினும் என்னை அசைத்தது, லூகாஸ் போப் என்பவர் 2013-இல் ஆக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. வகை பிரிப்பவர்கள் இதை வேட ஆட்டம் என்று எழுதுவதில்லை. வேடம் என்றால் இதுதான் வேடம் என்பேன் நான். கதாநாயகன் வீரனல்லன், அரசனல்லன். கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் 1982-ஆம் ஆண்டில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஒரு குமாஸ்தா! வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் பார்த்து முத்திரை குத்த வேண்டும். பெயர் ஒத்திருக்கிறதா, தேதி கடந்துவிட்டதா, முத்திரை உண்மையானதா என்று பார்க்க வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தோமோ அத்தனைக்கே கூலி. மாலையில் வீட்டு வாடகை, உணவு, குளிருக்கு எரிபொருள் என்று கணக்குத் தோன்றும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமன். ஒருவருக்கு நோய் என்றால் மருந்துக்குப் பணம் வேண்டும். விதிகளோ நாளுக்கு நாள் மாறும்; நேற்றைய சர்க்குலரை இன்றைய சர்க்குலர் நீக்கும். இதைச் செய்தவர் எந்த நாட்டு அலுவலகத்தில் இருந்தாரோ என்று நினைத்துக்கொண்டேன்!

ஒரு நாள் ஒருவன் வருகிறான். அவன் தாள்களெல்லாம் சரி. போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்கிறான். அடுத்து வருபவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விட்டால் பிழைச் சீட்டு நம் மேசையில் வந்து விழும். ஒரு நாளில் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. அதற்குமேல் கூலியில் பிடித்தம். ஆக அந்தப் பெண்ணை விடுவதா என்பதோடு, இன்று எத்தனை எச்சரிக்கை மீதமிருக்கிறது என்ற கணக்கும் கூடவே ஓடுகிறது. வரிசையோ நீண்டு நிற்கிறது. ஆட்டம் ஒன்றும் போதிப்பதில்லை. முத்திரை இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

அண்டை வீட்டுப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து இதை ஆடினான். வியூக ஆட்டத்தில் அவன் புலி. ஆயிரம் வீரரை அனுப்பக் கண்ணிமைக்க மாட்டான். இந்தப் பெண்ணின் முன் அவன் கை நின்றுவிட்டது. "மாமா, இதுக்கு ரூல் என்ன?" என்று கேட்டான். ரூல் அனுமதிக்காது என்றேன். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுமதி முத்திரையைக் குத்தினான். பிழைச் சீட்டு வந்தது. அதைப் படித்துவிட்டு, அடுத்த ஆளை அழைத்தான். சரியா தவறா என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விதி எதற்காக இருக்கிறது என்று அவன் தந்தையும் நானும் பல முறை பேசியிருக்கிறோம். அவன் காதில் ஏறியதில்லை.

தாய்மார்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு இப்போது வருகிறேன். பிள்ளை சாப்பிட வரமாட்டேன் என்கிறானே, அதற்கு என்ன சொல்கிறாய்? நியாயமான கேள்வி. 1991-இல் சிட் மெயர் ஆக்கத் தொடங்கிய 'சிவிலிசேஷன்' வரிசை ஆட்டக்காரரிடையே, 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்பது உலகமெங்கும் வழங்கும் கேலிச்சொல். அந்த ஒரு சுற்று விடியற்காலை இரண்டு மணி வரை நீளும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், ஆட்டக் கோளாறும் சேர்ந்திருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் ஆடிய பிள்ளையெல்லாம் நோயாளி என்று அது சொல்லவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, பிற கடமைகளைத் தள்ளி ஆட்டத்தையே முன்வைத்தல், தீங்கு நேர்ந்தும் விடாமை ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமேனும் தொடர்ந்தால்தான் அப்பெயர். அந்த நிலை வந்தால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். கணிப்பொறியை உடைப்பதால் தீராது.

நான் அஞ்சுவது வேறொன்றை. ஆட்டத்தின் உள்ளே குலுக்கல் சீட்டை ஒளித்துவைக்கும் வழக்கம். காசு கட்டிப் பெட்டியைத் திறந்தால் அரிய வீரன் வரலாம், உதவாப் பொருளும் வரலாம். 2020-இல் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' போன்ற அழகிய வேட ஆட்டங்களும் இந்த முறையில்தான் பொருளீட்டுகின்றன. பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பாளர் 2018-இலேயே இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்று வகுத்துவிட்டனர். நம் நாட்டில் 2025-இல் இயற்றிய இணையவழி ஆட்டச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டியையும் பொழுதுபோக்கு ஆட்டத்தையும் வேறாகப் பிரிக்கிறது. அந்தப் பிரிவினையை நாமும் வீட்டில் செய்துகொள்ள வேண்டும். சூது என்று தனி அதிகாரமே வைத்துப் பாடிய மொழிக்காரர் நாம். ஒரு முறை விலை கொடுத்து வாங்கி முடிந்துபோகும் ஆட்டம் வேறு. நாள்தோறும் பையில் கைவிடும் ஆட்டம் வேறு. படிப்பகத்துக்குள் இரண்டாவது வரக்கூடாது என்பதில் தடுப்போர் பக்கமே நானும் நிற்கிறேன்.

தமிழ்ச் சங்க மேடையில் தமிழைப் பற்றிச் சொல்லாமல் போகலாமா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு 2022-இல் வந்த இணைப்பில் திராவிடர் என்னும் இனத்தைச் சேர்த்தார்கள். கடற்படையும் காலாட்படையும் வலியவை; குதிரைப்படை மெலிந்தது. குதிரைகளைக் கடல்வழியே வருவித்த நாட்டுக்கு அது பொருத்தமே. இராசேந்திர சோழன் கதையும் அதில் ஆட்டமாக உண்டு. அந்த வீரர்களும் குடிகளும் தமிழில் விடையளிக்கிறார்கள். பள்ளியில் இந்தியும் தெருவில் வங்காளமும் பேசி, தமிழ் எழுத்தை இன்னும் கூட்டிப் படிக்கும் நம் காலனிப் பிள்ளைகள் திரையிலிருந்து அக்குரல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஞாயிறு வகுப்பில் அவர்கள் அப்படி நிமிர்ந்ததில்லை. 2025-இல் வந்த 'சிவிலிசேஷன்' ஏழாம் பாகத்திலும் சோழர் இருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களே அங்கே கட்டடங்களாக நிற்கின்றன.

மகிழ்ச்சிதான். ஆயினும் எனக்கு இன்னும் ஓர் ஆசை இருக்கிறது. 1025-இல் கடாரத்தின்மேல் சென்ற கப்பல்களை மேலிருந்து நகர்த்திப் பார்த்துவிட்டோம். அக்கப்பலில் துடுப்பு வலித்தவன் ஒருவனாக நாம் இன்னும் இறங்கிப் பார்க்கவில்லை. கரையில் நின்று அந்தப் பாய்மரங்களைப் பார்த்த கடாரத்தான் ஒருவனாகவும் பார்க்கவில்லை. சுமத்திரா தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. கப்பலோடு வருவோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. அப்படியானால் அந்தத் துறையில் பொன்னை நிறுத்து வாங்கிக் கணக்கெழுதிய தமிழன் ஒருவன் இருந்திருப்பானன்றோ? ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி பேசுவோரிடையே, விதிக்கும் மனிதருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவன். அவனை வேடமாக வைத்து ஓர் ஆட்டம் தமிழில் வர வேண்டும். கணிப்பொறி படிக்கும் நம் இளைஞர்கள் இந்த அவையில் பின்வரிசையில் நிற்கிறார்கள்; அவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொல்கிறேன்.

செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இதுதான். ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை இரண்டு கணிப்பொறிகளையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஒன்றில் வியூக ஆட்டம், மற்றதில் வேட ஆட்டம். ஒன்றரை மணிக்கொரு முறை இருவரிசையும் இடம் மாற வேண்டும். பணம் கேட்கும் ஆட்டம் எதுவும் ஏற்றக்கூடாது. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. உயர்நிலைப் பள்ளி வகுப்பினர்க்கு மட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதட்டுவதற்காக அன்று, கேட்டால் விடை சொல்வதற்காக. முதல் நான்கு ஞாயிறுகளுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஐந்தாவது ஞாயிறுக்கு, தடுக்க வேண்டும் என்று சொன்ன அன்பர்களில் ஒருவர் வர இசைந்தால் மிகவும் மகிழ்வேன். அவருக்கு ரெயில் ஆட்டத்தில் முதல் இருப்புப்பாதையை நானே போட்டுத் தருகிறேன்.